கடல் காக்க வெளிநாடு போகலாமா? கொங்கு வாசகர்களின் கேள்விகள்

கடலே இல்லாத மேற்கு மாவட்டங்களிலிருந்துதான் கடலைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

கோபியில் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். சுரைக்குடுக்கை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவன். பிலிப்பைன்ஸில் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்குப் போக இந்த நீச்சல் போதுமா?

தண்ணீர்ப் பயம் இல்லாததே பெரிய விஷயம், தம்பி. காற்றுச் சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கான ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைப் பயிற்சியில் கேட்பது 200 மீட்டர் நிற்காமல் நீந்துவதும் 10 நிமிடம் மிதப்பதும்தான். நேரக் கணக்கு கிடையாது. ஆனால் கிணற்றில் நாலு கை போட்டால் படிக்கட்டு வந்துவிடும், பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். கடலில் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு நீச்சல் குளத்தில் அந்த 200 மீட்டரை நிற்காமல் பழகிவிட்டுப் போங்கள்.

மறக்க வேண்டிய பழக்கமும் ஒன்று உண்டு. கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து, மூச்சை அடக்கி, அடிமண்ணை எடுத்து வருபவன்தான் சூரன். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். கிணற்றில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது இதைத்தான்.

வேலை எப்படி இருக்கும் என்கிறீர்களா? 1997 முதல் பல நாடுகளில் நடக்கும் ரீஃப் செக் முறையைச் சொல்கிறேன். 100 மீட்டர் டேப்பைப் பாறைமேல் விரிப்பார்கள். அதில் 20 மீட்டர் வீதம் நான்கு துண்டுகள், நடுவே இடைவெளி. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் டேப்புக்கு அடியில் என்ன இருக்கிறது, உயிருள்ள பவளமா, இறந்ததா, மணலா என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். முடித்ததும் அடுத்த இடத்தில் மறுபடி அதே. சுறாவைப் பார்த்துப் பரவசப்படும் வேலையல்ல இது. பொறுமையாக எண்ணப் பிடிக்குமென்றால் தாராளமாகப் போகலாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் நான். இரண்டு வாரம் லீவு கிடைக்கும். ஆமைக்குஞ்சைக் கையில் ஏந்திய படங்கள் போட்டு, வாரத்துக்கு இவ்வளவு டாலர் என்று ஒரு திட்டத்தின் விளம்பரம் வந்தது. நம்பலாமா?

அந்தப் படமே பாதி பதில். ஆமைக்குஞ்சு பெரும்பாலும் இரவில்தான் மணலைவிட்டு வெளியே வரும். முட்டைக்கருவில் மிச்சமிருக்கும் தெம்பை வைத்து ஒரு நாளாவது விடாமல் நீந்தி, மீனும் பறவையும் மொய்க்கும் கரையோரத்தைத் தாண்ட வேண்டும். அதைத் தொட்டியில் போட்டு வைத்து, சுற்றுலாப் பயணி வந்ததும் பகலில் எடுத்து விட்டால், அந்தத் தெம்பெல்லாம் தொட்டிச் சுவரை முட்டியே தீர்ந்திருக்கும். இலங்கையின் தெற்குக் கரையில் உள்ள பொரிப்பகங்கள் சிலவற்றின் மேல் இந்தப் புகார் வெகுகாலமாக உண்டு. ஒழுங்கான இடத்தில் குஞ்சுகள் வெளிவந்த இரவே கடலுக்குப் போய்விடும். கையில் சிவப்பு விளக்குதான் இருக்கும், கேமரா ஃபிளாஷ் இருக்காது. பொரிப்பகத்து மணலின் சூட்டையும் தினமும் குறித்து வைப்பார்கள். மணல் சூடானால் பெண் குஞ்சுகளே அதிகம் பிறக்கும் என்பதால் அந்தக் குறிப்பு முக்கியம்.

பணம் கேட்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். படகு டீசல், காற்றுச் சிலிண்டர், சாப்பாடு, உள்ளூர் ஆட்களின் சம்பளம் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் பையர் உங்கள் ஃபேக்டரிக்கு ஆடிட் வரும்போது எப்படித் துருவுவாரோ, அப்படித் துருவுங்கள். எடுக்கும் கணக்கு யாரிடம் போகிறது? அதை வைத்து அந்த ஊர் அரசு ஒரு முடிவாவது எடுத்திருக்கிறதா? கட்டணத்தில் உள்ளூருக்கு எவ்வளவு? தன்னார்வலர் வராத மாதத்தில் வேலை நடக்கிறதா, நிற்கிறதா? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் அது சுற்றுலாக் கம்பெனி.

'ஒரு பவளம் நடுங்கள், கடலைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதியிருந்தால், நட்டதில் ஒரு வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருந்தன என்று கேளுங்கள். கடல் சூடேறி உலகம் முழுக்கப் பவளம் வெளுப்பது, அதாவது தன்னுள் வாழும் பாசியை இழந்து வெள்ளையாகி நலிவது, நான்காவது முறையாக நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அந்தச் சூட்டில் நட்ட பவளமும் வெளுக்கும்.

அப்புறம், டைவிங் தெரியாதவருக்கு இரண்டு வாரம் பயிற்சிக்கும் மீன் பெயர் மனப்பாடத்துக்குமே சரியாகிவிடும். உங்கள் லீவுக்குக் கடற்கரை வேலைதான் பொருந்தும்.

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேனுங்க. பொண்ணு தாய்லாந்துக்குப் போகணும்கிறா. சுற்றுலா விசா போதும்னு அந்த அமைப்பு சொல்லுது. அனுப்பலாமா?

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் யோசிப்பேன், அம்மா. தாய்லாந்தில் சம்பளம் வாங்காமல் செய்தாலும் வேலை வேலைதான், அனுமதி வேண்டும். 'ஏர்போர்ட்டில் டூரிஸ்ட் என்று சொல்லிவிடு' என்பவர்கள், சிக்கல் வந்தால் போனை எடுக்க மாட்டார்கள். எந்த விசா, யார் பொறுப்பு என்று கடிதமாக வாங்குங்கள். காப்பீட்டில் டைவிங் விபத்தும், டைவ் செய்தவர் உடம்பில் கிளம்பும் வாயுக் குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறைச் சிகிச்சையும் அடங்குமா என்று பாருங்கள்.

சன்ஸ்கிரீன் விஷயம் ஒன்று. ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் உட்பட நான்கு ரசாயனங்கள் உள்ள கிரீம்களைத் தன் கடல் தேசியப் பூங்காக்களில் 2021இல் தாய்லாந்து தடை செய்தது. முழுக்கை நீச்சல் உடை எடுத்துக் கொடுத்தால் கிரீம் செலவும் குறையும். எப்படியும் திருப்பூர் பக்கத்தில்தானே இருக்கிறது!

ஈரோடு. வயது 62, வங்கியில் ஓய்வு பெற்றவன், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். டைவிங் இல்லாமல் வேலை உண்டா?

நிறைய உண்டு, அய்யா. அலையாத்தி நாற்றங்கால், கடல்புல் கணக்கெடுப்பு, கரையோர ரோந்து, எடுத்த கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. கடைசி வேலைக்கு உங்களைப் போன்றவர்களைத்தான் தேடுகிறார்கள். இளைஞர்கள் யாரும் அதற்கு உட்காருவதில்லை.

ஆமை பார்க்க ஆசையென்றால் செஷல்ஸ் நல்லது. மற்ற இடங்களில் ஆமைக்காக ராத்திரி கண்விழிக்க வேண்டும். அங்கே அழுங்காமைகள் பகலிலேயே கரையேறி முட்டையிடும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை முக்கியமான பருவம். வெயிலில் மணலில் நடக்க முடியுமா என்று மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கென்யா போவதாக இருந்தால், கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு அட்டை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

காங்கேயம். சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் போதாது. தென்கிழக்கு ஆசியாவில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ், இறால் விழுது இருக்கும். அவற்றின் பெயரைச் சொல்லியே வேண்டாமென்று எழுதுங்கள். பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் பெட்டியில் இருக்கட்டும்.

பவானி. நம்ம கடல் இருக்கும்போது எதற்கு வெளிநாடு?

நியாயமான கேள்வி. சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் இரவு ஆமை நடை போகிறார்கள், ஆலிவ் ரிட்லி முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை போனால் சேர்ந்து நடக்கலாம், டிக்கெட் செலவு சேரன் எக்ஸ்பிரஸ்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுவுக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே ஒரு பருவம் நடந்துவிட்டு வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் அங்கேயும் மதிப்பு வேறு. ஆனாலும் பவளப்பாறையில் நீருக்கடியில் முறையாகக் கணக்கெடுக்கப் பழக வேண்டுமென்றால் வெளியே வாய்ப்பு அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோவை. மாலத்தீவில் கடைசி நாள் காலை டைவ், அன்றிரவே விமானம், மறுநாள் ஊட்டியில் முகூர்த்தம். சரிவருமா?

வராது. பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறையும் இடத்துக்குப் போனால் குமிழியாகக் கிளம்பும். அதனால் கடைசி டைவை முந்தைய நாளுக்கு மாற்றுங்கள். அந்த 18 மணி நேரம் கழித்து விமானம் ஏறினால் ஊட்டிக்கென்று தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் 2,240 மீட்டர் உயர ஊட்டியின் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எனக்குக் கவலை வேறு ஆட்களைப் பற்றி. புதுச்சேரியில் காலையில் டைவ் முடித்து, அன்று ராத்திரியே காரில் ஏற்காடோ கொடைக்கானலோ ஏறுகிறவர்கள். விமானம் இல்லாததால் இந்த விதி அவர்கள் நினைவுக்கே வருவதில்லை. மலை ஏறிய பிறகு மூட்டு வலித்தாலோ கை மரத்தாலோ, பயணக் களைப்பு என்று படுத்துவிட வேண்டாம். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக டைவ் செய்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்.