கோபர்க் என்ற சின்ன ஜெர்மன் ஊரிலிருந்து இத்தனை அரச குடும்பங்கள் எப்படி வந்தன?

விக்டோரியா ராணி பற்றிய காணொளி எதையோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பதில் சுலபம்: கல்யாணங்கள். கோபர்க் பிரபு குடும்பத்து லியோபோல்ட் 1831இல் பெல்ஜியத்தின் முதல் மன்னரானார். அவருடைய அண்ணன் மகன் ஆல்பர்ட், அக்கா மகள் விக்டோரியாவை 1840இல் மணந்தார். நம் முறைப்படி சொன்னால் அத்தை மகள்.

ஆனால் எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு வருத்தம். அந்த ஊரில் இரண்டு வருடம் இருந்தவன் நான்.    

ஒரு நவம்பர் மாலை. சந்தைச் சதுக்கத்தில் பைன் காய்களை எரித்து அந்தத் தணலில் சாசேஜ் சுடுவார்கள். அந்தப் புகை ஸ்வெட்டரில் ஏறினால் இரண்டு நாள் போகாது. ஆல்பர்ட் சிலைக்குக் கீழே நின்று சாப்பிட்டபடி, பக்கத்திலிருந்த பெரியவரிடம் ஆல்பர்ட்டைப் புகழ்ந்தேன். "அது இருக்கட்டும் தம்பி, 1919 தெரியுமா?" என்றார். தெரியவில்லை.

1918 நவம்பரில் கடைசிப் பிரபு கார்ல் எடுவர்ட் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, அப்போது உருவாகிக்கொண்டிருந்த பக்கத்து மாநிலமான துரிங்கியாவோடு சேரலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். நூற்றுக்கு 88 பேர் வேண்டாம் என்றார்கள். போர் முடிந்த பஞ்ச காலம். தெற்கே இருந்த பவேரியா மாநிலத்தில் சாப்பாட்டுக்குப் பரவாயில்லை என்பதும் ஒரு காரணம். 1920 ஜூலை 1 அன்று பவேரியாவில் சேர்ந்தார்கள். அதே பிரபுவின் இன்னொரு தலைநகரான கோத்தா துரிங்கியாவுக்குப் போனது. 1945க்குப் பிறகு கோத்தா கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனிக்குள் மாட்டிக்கொள்ள, மூன்று பக்கம் எல்லை வேலி சூழ்ந்தும் கோபர்க் மேற்கிலேயே இருந்தது.

ஊரைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1929இல் ஜெர்மனியிலேயே முதன்முதலாக நாஜிகளுக்கு நகர்மன்றப் பெரும்பான்மை கொடுத்த ஊரும் இதுதான். விக்டோரியாவின் சொந்தப் பேரனான அந்த கார்ல் எடுவர்ட் ஹிட்லர் பக்கம் நின்றதும் உண்மை. ஆல்பர்ட்டைப் பற்றிச் சொல்பவர்கள் இவரையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பெரியவரின் பாட்டியும் 1919இல் வாக்களித்தாராம். ஜெர்மனியில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.