இலையும் பச்சையும் இல்லாத செடிகள்: வாசகர் கேள்விகள்

புதுமழை பெய்த ஒரே வாரத்தில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலையில் வெள்ளைத் தண்டு ஒன்று முளைத்தது. இலையே இல்லை, கவிழ்ந்த பூக்கள் மட்டும். காளானா, செடியா? (வண்டிப்பெரியார்)

செடிதான். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒடிந்த தண்டின் உள்ளே குழல்போல வெற்றிடம் தெரிகிறது. வெளிறிய பூவில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். எபிபோஜியம் ரோசியம் என்ற ஆர்க்கிட் என்றே நினைக்கிறேன். பச்சையம் இல்லாததால் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்க இதற்கு வழியில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் பூஞ்சை இழைகள் புகுந்து சுருள் சுருளாகச் சேர்கின்றன. அந்தச் சுருள்களைச் செரித்துத்தான் செடி வாழ்கிறது. பட்ட மரத்தை மட்கச் செய்து, விரிந்த சில மணி நேரத்தில் மைபோலக் கரைந்து வழியும் சிறு காளான்கள் உண்டல்லவா? இதற்குச் சோறு போடுவது அந்தக் காளான் குடும்பம். மண்ணுக்கு மேலே சில வாரங்கள்தான் நிற்கும். பார்த்தது உங்கள் நல்ல நேரம்!

இவற்றை ‘மட்குண்ணி’ என்று படித்தோமே? (குமுளி, ஆசிரியை)

பழைய பெயர், கைவிட வேண்டிய பெயர். எந்தப் பூச்செடியும் சருகைத் தானாக மட்கச் செய்து உண்பதில்லை. 1960-இல் சுவீடனின் எரிக் பியோர்க்மன், கதிரியக்கக் கார்பன் கொண்ட சர்க்கரையை மரங்களுக்குள் செலுத்தினார். அருகில் நின்ற மோனோட்ரோபா என்ற பச்சையமற்ற செடிகளில் அந்தக் கதிரியக்கம் தென்பட்டது. மரத்தின் சர்க்கரை வேர்ப்பூஞ்சை வழியாக அங்கே போயிருக்கிறது. மாணவர்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லுங்கள், ஒருநாளும் மறக்க மாட்டார்கள்.

சோலை இருட்டில் பூத்தால் தேனீ வருமா?

சில செடிகள் யாருக்கும் காத்திருப்பதில்லை. எபிபோஜியம் ரோசியம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். ஆனாலும் நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீயின் இனமே அதன் பூவுக்கு வருவதைச் சீனாவில் கண்டிருக்கிறார்கள். காஸ்ட்ரோடியா ஆர்க்கிட்களில் சில, அழுகிய பழத்தை மொய்க்கும் சிறு ஈக்களை மணத்தால் ஏமாற்றி அழைக்கின்றன. என்னை மிகவும் வியக்க வைப்பது திஸ்மியா என்ற பச்சையமற்ற சிறு செடி. சருகோடு சருகாகப் பூக்கும் அந்தச் சிறு பூவுக்குள் பூஞ்சைக் கொசுக்கள் நுழைகின்றன. அந்தக் கொசு இனத்தின் புழுக்கள் பெரும்பாலும் வளர்வது காளானில். அடியில் உணவு தருவதும் பூஞ்சை, மேலே மகரந்தம் சுமப்பதும் பூஞ்சையை நம்பி வாழும் பூச்சி!

மரத்தடியில் செந்நிறக் குண்டுகள் கொத்தாக முளைத்திருக்கின்றன. இதுவும் அதே வகையா? (தேவிகுளம்)

இல்லை. அது பலனோஃபோரா. பூஞ்சையின் உதவி இல்லாமல் மரவேரிலிருந்தே நேராக உறிஞ்சும். எறும்பும் ஈயும் அதற்கு மகரந்தம் சுமக்கும்.

ஏலத்தோட்ட ஓரத்தில் இலையற்ற ஆர்க்கிட் பூத்திருக்கிறது. தொட்டியில் வைக்கலாமா? அழுகலுக்குப் போர்டோ கலவை அடிப்பதால் கேடு வருமா? (வண்டன்மேடு)

தயவுசெய்து தோண்டாதீர்கள். கிழங்கைப் பெயர்த்தால் பூஞ்சை இழை அறுந்துபோகும், செடி பட்டினியில் சாகும். தூசி போன்ற அதன் விதையிலும் சேமித்த உணவு இல்லை. முளைக்கவே பூஞ்சை வேண்டும்.

போர்டோ கலவையைப் பொறுத்தவரை உங்கள் கவலை நியாயமானது. அதில் சுண்ணாம்போடு சேரும் துருசில் (காப்பர் சல்பேட்) உள்ள செம்பு பூஞ்சையைக் கொல்வது, அது மண்ணில் மட்கி மறைவதும் இல்லை. ஏலத்துக்கு மருந்தடிக்காமல் இருக்கச் சொல்ல மாட்டேன். தூரிலும் காயிலும் மட்டும் படும்படி அடியுங்கள். அந்த ஓரத்தில் சில அடி அகலத்துக்கு மருந்து வேண்டாம், சருகைக் கூட்ட வேண்டாம், விழுந்த மரத்தை விறகுக்கு எடுக்க வேண்டாம். பூத்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். அடுத்த மழைக்கு எங்கே தேடுவது என்று தெரியும்.