மூன்று இரவுக் கல்யாணமும் தீராத கார்டு கடனும்

கேள்வி: என் சித்தி மகளின் திருமணம் ஐந்து மாதம் கழித்து, நல்ல கோடையில், விமானத்தில் போகவேண்டிய ஒரு கடற்கரை விடுதியில் நடக்கிறது. எல்லா நிகழ்ச்சிகளும் திறந்தவெளியில்தான். நானும் கணவரும் மூன்று இரவும் அதே விடுதியில் தங்க வேண்டும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தான் சொல்லும் நிறத்தில் உடுத்த வேண்டும் என்கிறாள். செலவு என் ஒன்றரை மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. இதற்கு முன் போன இரண்டு திருமணங்களின் செலவே இன்னும் கிரெடிட் கார்டில் நிற்கிறது. மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவருகிறேன். பயணத்துக்கு வட்டியில்லாத் தவணை தருவதாக ஒரு செயலியில் பார்த்தேன். எடுக்கலாமா? போகாவிட்டால் உறவு கசந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: திருமணத்துக்குப் போங்கள். தவணை வேண்டாம்.

‘தவறாமல் கட்டிவருகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, என்னைக் கவலைப்படுத்துவது அதுதான். முதலில் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிடுவது, பிறகு கார்டைத் தேய்ப்பது, அதன்பின் குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்திக்கொள்வது. மூன்றாவது முறையாக இதையே செய்யப் போகிறீர்கள்.

உங்கள் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய விவரப்படி கார்டு பாக்கி 140, இந்தப் பயணம் 160. இதையும் கார்டில் தேய்த்தால் மொத்தம் 300. மாத வட்டி 3 சதவீதம் என்றால் 9 போய்விடும். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 15. அசலில் கழிவது 6 மட்டுமே. இப்படியே ஓராண்டு கட்டினால் ஏறக்குறைய 160 கட்டியிருப்பீர்கள். பாக்கி 235 நிற்கும். வட்டிக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம்!

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும், வழக்கமான வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். விமான டிக்கெட்டை அந்தக் கார்டில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

செயலியின் ‘வட்டியில்லாத் தவணை’யில் செயலாக்கக் கட்டணத்தைப் பாருங்கள். அதே டிக்கெட்டை முழுப் பணம் கட்டி எடுத்தால் தள்ளுபடி உண்டா என்றும் பாருங்கள். வட்டி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் ஒளிந்திருக்கும். விளம்பரம் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கடன் கடனில்லாமல் போய்விடாது.

இனி செலவைக் குறைப்போம். டிக்கெட் 45, அதைத் தொட முடியாது. விடுதியில் மூன்று இரவுக்கு 60 கேட்கிறார்கள். பக்கத்தில் எளிய இடத்தில் ஓர் இரவு தங்கினால் 15 போதும். அன்பளிப்பு 15 வேண்டாம், 5 போதும். மிகப் பெரிய வீண்செலவு உடைக்கு ஒதுக்கிய 40. ஜரிகை வேலை வைத்த கனத்த துணியைக் கோடை வெயிலில் அரை மணி நேரம் உடுத்தியிருந்தாலே முதுகு நனைந்துவிடும். அலமாரியில் இருக்கும் மெல்லிய பருத்தி உடையே அங்கே உங்களைக் காப்பாற்றும். மணலிலும் புல்தரையிலும் குதிகால் செருப்பு புதையும்; தட்டையான செருப்பு போதும். வெயில் காப்புக் களிம்பு, தொப்பி, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றுக்கும் 5 வையுங்கள். களிம்பை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், விடுதிக் கடையில் விலை எகிறும். ஆனால் பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவவும் வேண்டும்.

மொத்தம் 70. மாதம் 25 மிச்சமாகிறது என்கிறீர்கள். ஐந்து மாதமும் பயணத்துக்கு 14, கார்டுக்கு 11 என்று பிரியுங்கள். திருமணம் முடியும்போது பாக்கி ஏறக்குறைய 105 ஆக இறங்கியிருக்கும். அதன்பின் 25 முழுவதையும் கார்டிலேயே கட்டினால் மேலும் ஐந்து மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அதுவரை கார்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

டிக்கெட்டையும் அறையையும் பதிவு செய்யுமுன் ரத்து விதியைப் படியுங்கள். மலிவான கட்டணத்தில் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. மனம் மாறி ரத்து செய்தால் பயணக் காப்பீடும் பொதுவாகக் கைகொடுக்காது.

தங்கையிடம் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: “உன் கல்யாணத்தில் நான் கட்டாயம் இருப்பேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் வந்து முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன், பக்கத்தில் தங்குகிறேன். நீ சொன்ன நிறத்தில் ஒரு துப்பட்டா போட்டுக்கொள்கிறேன்.” காரணம் கேட்டால், கடன் இருக்கிறது என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. கல்யாண வீட்டில் அவளுக்கு வேண்டியது நீங்கள். உங்கள் அறை எண் அல்ல.

இதை இந்த வாரமே பேசிவிடுங்கள். விடுதிக்கு அறைகளின் எண்ணிக்கையைக் கொடுத்துவிட்ட பிறகு சொன்னால், காலியாகக் கிடக்கும் அறையின் வாடகை அவள் தலையில் விழக்கூடும்.