இராச்சோறும் நீண்ட ஓட்டமும்

கேள்வி: எனக்கு வயது 29, எடை 60 கிலோகிராம். முதன்முறையாக ஒரு மரதன் ஓட்டத்துக்கு ஆயத்தமாகிறேன். ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு வெறும் தேநீரைக் குடித்துவிட்டு, வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடலுக்கு இரண்டு தடவை ஓடிப்போய் வருகிறேன். இரண்டாவது தடவை திரும்பும்போது கால்கள் எழும்ப மறுக்கின்றன. அலுப்புத் தீர மூன்று நாள் செல்கிறது. அம்மாவுக்கு நீரிழிவு உள்ளதால் ஆறு மாதமாக இரவில் சோறு உண்பதில்லை. மீண்டும் உண்ணலாமா?

பதில்: தாராளமாக உண்ணலாம், சனிக்கிழமை இரவில் கட்டாயம் உண்ண வேண்டும். நாம் உண்ணும் காபோவைதரேற்று (மாச்சத்து, சீனி முதலியன) தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோசன் என்னும் எரிபொருட் கையிருப்பாகச் சேமிக்கப்படுகிறது. தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் ஈரலில் 100 கிராமளவும் தங்கும். ஈரலில் உள்ளது நாம் உறங்கும்போதே பெருமளவு செலவாகிவிடும். 1967 இல் ஸ்டொக்ஹோமில் பேர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் முதலிய ஆய்வாளர்கள், தசையிலிருந்து ஊசியால் எடுத்த சிறு துண்டுகளைப் பரிசோதித்து, தொடக்கத்தில் கிளைக்கோசன் கூடுதலாக உள்ளவரே கடும் உழைப்பைக் கூடிய நேரம் தாங்குகிறார் என்று காட்டினார்கள். நீங்களோ இரவில் அதை நிரப்பாமலும், காலையில் ஈரலின் கையிருப்பு குறைந்த நிலையிலும் புறப்படுகிறீர்கள். கொழும்பின் புழுக்கத்தில் தசை அதை இன்னும் விரைவாகச் செலவிடும்.

நாள்தோறும் ஒரு மணிநேரம் மிதமாகப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோகிராமுக்கு 5 முதல் 7 கிராம் காபோவைதரேற்றும், ஒன்று முதல் மூன்று மணிநேரம் வரை உழைப்பவருக்கு 6 முதல் 10 கிராமும் வேண்டும் என்பதே பொதுவான விளையாட்டுப் போசாக்கு வழிகாட்டல். அதன்படி நீண்ட ஓட்டத்துக்கு முந்திய நாளில் உங்களுக்குக் குறைந்தது 360 கிராம் தேவை. சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராமே உண்டு என்பதால், ஒருவேளைச் சோற்றால் இது நிரம்பாது. இடியப்பம், பாண், வற்றாளங்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் சேரவேண்டும். ஓய்வு நாளில் இவ்வளவும் வேண்டியதில்லை. உணவின் அளவு அன்றன்றைய உழைப்போடு கூடிக் குறையவேண்டும் என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

புறப்பட ஒரு மணிநேரத்துக்கு முன் இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டுப் பாணும் போதும். இரண்டு மணிநேரத்துக்கு மேற்படும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை காபோவைதரேற்றை இடையிடையே எடுங்கள். ஒரு லீற்றர் நீரில் 60 கிராம் சீனியும் சிறிது உப்பும் தேசிக்காய்ச் சாறும் கலந்த பானம் இதற்கு நன்றாக உதவும். ஆனால் போட்டியன்று புதிதாகத் தொடங்காமல், பயிற்சியிலேயே வயிற்றைப் பழக்குங்கள். செவ்விளநீர் அருமையான பானந்தான். ஆயினும் வியர்வையில் இழக்கும் சோடியத்தை ஈடுசெய்ய அது போதாது.

அம்மாவின் நோயை எண்ணி நீங்கள் அஞ்சுவது நியாயமே. வெறுவயிற்றுக் குருதிக் குளுக்கோசை ஒருமுறை பரிசோதியுங்கள். அது வழமையான அளவில் இருந்தால், ஓடுபவரின் தசை குளுக்கோசை நன்றாக உள்வாங்கும் என்பதை நம்பிச் சாப்பிடுங்கள். வெறுவயிற்றில் ஓட விரும்பினால், அதைக் குறுகிய, மெதுவான ஓட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினைந்து வயதான என் மகள் பாடசாலைக்கு முன்னும் பின்னும் நீச்சல் பயிற்சி செய்கிறாள். மாலையில் சோர்ந்துபோகிறாள். உடல் பருத்துவிடும் என்று காலைச் சாப்பாட்டையும் தவிர்க்கிறாள். என்ன செய்வது? (தெகிவளை வாசகி)

பதில்: இரு பயிற்சிகளுக்கிடையே எட்டு மணிநேரத்துக்கும் குறைவாகவே இருந்தால், முதல் நான்கு மணிநேரத்தில் மணிக்குக் கிலோகிராமுக்கு சுமார் 1 கிராம் காபோவைதரேற்று உண்பது கிளைக்கோசனை விரைவாக மீட்கும். நீந்தி முடிந்தவுடன் வாழைப்பழமும் பாலும், பின்னர் முட்டையோடு பாண் அல்லது பயற்றங்கறியோடு புட்டு, பாடசாலை இடைவேளையில் மறுபடியும் ஏதாவது எனக் கட்டிக் கொடுங்கள். எடை பற்றிய பேச்சை வீட்டில் எவரும் எடுக்காதிருப்பது நல்லது. வளரும் வயதில் உழைப்புக்கேற்ற உணவில்லாவிட்டால் மாதவிடாய் தடைப்படலாம், எலும்பும் வலுவிழக்கும். ஆதலால் மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், பயிற்சியின் களைப்பென்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.