பம்பை மாற்றும் முன் டிஷ்யூ பேப்பரை எடுங்கள்

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமில் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில்) எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் பம்ப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டர்ரென்று ஓடி நிற்கிறது. ராத்திரியில் தூங்க முடியவில்லை. பம்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள் பணிமனையில். புதிது வாங்கிவிடலாமா, இல்லை நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். இந்த 12 வோல்ட் பம்ப், பைப்பில் அழுத்தம் இறங்கினால் தானாக ஓடும், ஏறியதும் நிற்கும். குழாய் மூடியிருக்கும்போது ஓடுகிறது என்றால், ஒன்று, எங்கோ கசிகிறது. இல்லையென்றால், பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. கசிவுதான் காரணம் என்றால் புது பம்ப் போட்டாலும் அதே சத்தம் கேட்கும். காசும் போகும், அதற்குள் தரைப்பலகையும் ஊறிவிடும்.

பம்ப் ஆனில் இருக்கட்டும். கைக்கு எட்டும் ஒவ்வொரு ஜாயின்டையும் துடைத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வையுங்கள். அரை மணி கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடப் பேப்பரின் ஓரத்தில் ஈரத் திட்டாகத் தெரியும். சிங்க்குக்கு அடியில், ஹீட்டருக்குப் பின்னால், டாய்லெட் வால்வில், அப்புறம் வண்டிக்கு வெளியே இருக்கும் ஷவர் பெட்டியில் பாருங்கள். கடைசியில் சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வண்டி ஓடும் அதிர்வில் ஜாயின்டின் நட்டு தளர்வது சகஜம். கையால் இறுக்கி, அப்புறம் லேசாக ஒரு திருப்பு, போதும். நான் ஒருமுறை ஸ்பேனர் போட்டு அழுத்தியதில் பிளாஸ்டிக் நட்டு விரிசல் விட்டு, சொட்டிக்கொண்டிருந்த இடம் பீய்ச்சத் தொடங்கிவிட்டது. உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும் ஜாயின்டுக்கு டெஃப்லான் டேப் வேண்டாம், அங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான். அது நசுங்கியிருந்தால் வாஷரை மட்டும் மாற்றுங்கள். பைப்பை வெட்ட நேர்ந்தால் அதற்கான கட்டரால் நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டிய முனை, அழுத்திச் செருகும் ஜாயின்டில் சரியாக உட்காராது. வாங்கும் பைப்பும் ஜாயின்டும் குடிநீருக்கு ஏற்றவை என்று குறித்திருக்க வேண்டும். எதைக் கழற்றினாலும் முதலில் பம்பையும் ஹீட்டரையும் அணைத்து, வெந்நீர் ஆறியதும் ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். ஹீட்டரின் கேஸ் பைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள், அது பயிற்சி பெற்றவர் வேலை.

எல்லாப் பேப்பரும் காய்ந்தே இருக்கிறதா? சரி, சந்தேகம் பம்ப் மேல் திரும்புகிறது. அப்போதும் முழு பம்ப் வாங்க அவசரம் வேண்டாம். ஒருவழி வால்வில் ஒரு துரும்பு சிக்கினாலே இந்தக் கோளாறு வரும். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், வலை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களுக்கு வால்வு, டயஃப்ரம் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சவ்வு) தொகுப்பு தனியாகக் கிடைக்கிறது. பம்ப் லேபிளில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

புது பம்ப்தான் என்று முடிவானால் வோல்ட், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எந்த அழுத்தத்தில் நிற்கும் என்ற மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பணம் கட்டும் முன், எந்தச் சோதனையை வைத்து பம்ப் கெட்டது என்கிறார்கள் என்று பணிமனையில் கேளுங்கள்.