பட்காமில் இறந்த ஆறு பேர்

ஐயா, வணக்கம்.
ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஊர் பரதராமி. ஊடகச் சார்பு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். படையைக் குறைசொல்லும் பத்திரிகைகளை விட்டுவிட்டு, புகழ்ந்து பேசும் தொலைக்காட்சிகளை ஏன் சாடுகிறீர்கள்? அவையாவது எங்கள் பக்கம் நிற்கின்றனவே.
— ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. யாரோ ஒருவர் செய்த குற்றத்துக்குப் படையையே கூண்டில் ஏற்றும் எழுத்து எனக்கும் பிடிக்காது. ஆனால் புகழ்கிறவர்கள் உங்கள் பக்கம் என்பதை ஏற்க மாட்டேன்.

2019 பிப்ரவரி 27. போர் விமானி அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்ட அதே காலையில், காஷ்மீரின் பட்காமில் நம் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் விழுந்தது. விமானப்படையினர் ஆறு பேரும் உள்ளூர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். அபிநந்தனின் மீசையைப் பற்றி ஓயாமல் பேசிய தொலைக்காட்சிகள் இந்த ஆறு பேரைப் பற்றி எவ்வளவு பேசின? ஹெலிகாப்டரை வீழ்த்தியது நம் ஏவுகணையே, அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி பதௌரியா அக்டோபரில் ஒப்புக்கொண்டார். விசாரணையைப் பின்தொடர்ந்த சில நிருபர்கள் அந்தச் சந்தேகத்தை அதற்கு வெகு முன்பே எழுதிவிட்டார்கள். அதைப் படையைக் குறைசொல்லும் செய்தி என்பீர்களா? இறந்தவர்களின் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அதைத்தான்.

2025 மே 8 இரவு, இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது, கராச்சித் துறைமுகம் தகர்ந்தது என்றும் இஸ்லாமாபாத் வீழ்ந்தது என்றும் சேனல்கள் முழங்கின. இரண்டுமே நடக்கவில்லை. குடியாத்தத்தில் எங்கள் தெருவில் ஓர் அம்மா, ஜம்முவில் இருக்கும் மகனின் எண் கிடைக்காமல், தமிழ்ச் சேனலையும் தெலுங்குச் சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். “நம் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவனும் சொல்ல மாட்டேன் என்கிறானே” என்றார். அந்த மோதலில் நம் போர் விமானங்களை இழந்தோம் என்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் மே 31 அன்று சிங்கப்பூரில்தான் வாய்திறந்து சொன்னார்.

படை நகர்வை நேரலையில் காட்டக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2008 மும்பைத் தாக்குதலின்போது சேனல்கள் நடந்துகொண்ட விதத்தை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஆனால் போர் ரகசியம் வேறு, நம் பக்கத்துச் சாவை மறைப்பது வேறு.

‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கேட்டு 2015-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த முன்னாள் வீரர்களை, சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் போலீஸ் பிடித்துத் தள்ளியது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் ஓய்வூதியமும் அதில் அடக்கம். அன்று அரசைப் பார்த்துக் கேள்வி கேட்ட நிருபரையும் படைக்கு எதிரி என்றா சொல்வீர்கள்?