கேள்வி – பதில்: புள்ளி தப்பிய கோலம்

மார்கழிக்காக ஏஐ செயலியில் 'சிக்குக் கோலம், 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை' என்று கேட்டேன். படம் அவ்வளவு அழகு! ஆனால் வாசலில் போட உட்கார்ந்தால் கை பாதியில் நின்றுவிடுகிறது. 'இது கோலமே இல்லை' என்கிறார் மாமியார். அழகாகத்தானே இருக்கிறது, என்ன குறை? – ஒரு வாசகி, மன்னார்குடி

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி, அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக அச்செடுத்துப் பென்சிலால் புள்ளிகளை எண்ணினேன். நடு வரிசையில் 15 இருக்கிறது. அதற்கு மேலேயும் கீழேயும் 14 வர வேண்டும். மேலே 14, கீழே 15! அதற்கடுத்த வரிசையில் இரண்டு புள்ளிகள் இழைக்கு அடியில் புதைந்துவிட்டன. இடது ஓரத்தில் ஓர் இழை அழகாக வளைந்து வந்து, இன்னொன்றில் முட்டி அங்கேயே முடிந்துவிடுகிறது. உங்கள் கை நின்ற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல் சுற்றிவர வேண்டும், எந்தப் புள்ளியையும் விடக் கூடாது, கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும். என் அம்மா ஒரு கட்டம் போட்ட நோட்டில் கோலம் எழுதி வைத்திருந்தார். சில கோலங்களில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கும். 'இங்கே தொடங்கு' என்று அர்த்தம். தொடக்கம் தெரிந்துவிட்டால் மீதியைக் கையே போட்டுவிடும் என்பார். படம் வரையும் ஏஐக்கு அந்த அம்புக்குறி கிடையாது. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து, கோலம் எப்படித் 'தெரியும்' என்பதை அது கற்றிருக்கிறது. எப்படிப் 'போடுவது' என்பதைக் கற்கவில்லை. அது புள்ளி வைத்துவிட்டு இழை இழுப்பதில்லை. முழுப் படத்தையும் ஒரு மங்கலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிய வைக்கிறது. இணையத்தில் ரங்கோலியும் கோலமும் ஒரே பெயரில் கலந்து கிடப்பதும் சேர்ந்துகொள்கிறது.

இதற்காகக் கணினிக்குக் கோலமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினி விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் உண்டு என்று எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். நம் வாசலிலிருந்து கணினி அறிவியல் பாடம் படித்த காலம் அது. எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை.

உங்கள் மாமியார் நாளைக் காலையில் கோலம் போடும்போது, ஃபோனை மேலிருந்து பிடித்து அவர் கையை வீடியோ எடுங்கள். எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியில் தொடங்குகிறார், அந்தக் கோலத்துக்கு அவர் ஊரில் என்ன பெயர் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் வைத்தியச் சுவடி இருக்கிறது. ஓர் ஏட்டைப் படமெடுத்து ஏஐயிடம் கொடுத்தேன். அரை நிமிடத்தில் படித்து, மருந்தும் அளவும் சொல்லிவிட்டது. நம்பலாமா? – வாசகர், திருநெல்வேலி

தம்பி, அந்த மருந்தைத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

நான் பல வருடமாகச் சுவடி படிக்கிறேன். ஒரே ஏட்டில் அரைநாள் உட்கார்ந்த நாட்கள் உண்டு. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஆகவே ஏட்டில் 'பரல' என்று கண்ணுக்குத் தெரிவது பால் ஆகலாம், பரல் ஆகலாம். ஒன்று குடிப்பது, மற்றொன்று கூழாங்கல். அளவுகளில் இன்னும் சிக்கல்: ஏழைக் குறிக்கும் தமிழ் எண் எகரம் போலவும், எட்டைக் குறிப்பது அகரம் போலவும் இருக்கும்.

உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகத் தேடிய பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் பாடம், அதாவது மூலத்தின் சரியான வாசகம், எது என்று தீர்மானித்தார். நீங்கள் கேட்ட செயலியோ ஓர் ஏட்டின் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, தெரியாத இடத்தைப் பொருத்தமான சொல்லால் நிரப்பி, தயங்காமல் சொல்கிறது. எந்த எழுத்தில் சந்தேகம் என்று அது சொல்லாததுதான் எனக்குப் பயம். ஏட்டுப் படத்தையும் அறிந்தவர் படித்த சரியான பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறையப் பழக்கினால் இயந்திரம் நல்ல உதவியாளாக வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுவடியைக் கழுவவோ வெயிலில் காயவைக்கவோ வேண்டாம். ஏடுகளின் வரிசை மாறாமல், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படமெடுங்கள். அப்புறம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறைக்கோ, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள்.

கோபிச்செட்டிபாளையத்துக்காரியான என் அம்மா ஃபோனிடம் பேசும்போது மட்டும் டிவி செய்தி மாதிரிப் பேசுகிறார். 'நாம பேசறது அதுக்குப் புரியறதில்லைங்கண்ணு' என்கிறார். எனக்கு என்னவோபோல் இருக்கிறது. – வாசகி, பெங்களூரு

படித்ததும் எனக்கும் மனசு கனத்தது. ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தால் வாய் நிறைய 'வாங்' என்று கூப்பிடுகிற அம்மா, ஒரு கருவிக்காகத் தன் பேச்சைத் திருத்திக்கொள்கிறார். தப்பு அவருடையது இல்லை. அவரைப்போல் பேசுகிறவர்களின் குரல் அதற்குப் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை.

நியூஸிலாந்தில் தே ஹிகு மீடியா என்பது அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் வானொலி நிறுவனம். தங்கள் மொழியைப் பேசிப் பதிவு செய்து தரச் சொல்லி 2018-ல் அது தன் மக்களைக் கூப்பிட்டது. பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் மாவோரிக் குரல் சேர்ந்தது. அதை வைத்துப் பேச்சை எழுத்தாக்கும் கருவியைச் செய்தார்கள். அந்தக் குரல்களைப் பெரிய நிறுவனங்களுக்குத் தூக்கிக் கொடுக்காமல் தங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார்கள். கொங்கு நாட்டுக் கல்லூரித் தமிழ்த் துறைகள் மனசு வைத்தால் இங்கேயும் முடியும்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். அம்மாவைப் பொழுதோட (சாயங்காலம்) உட்கார வைத்து, அவர் அம்மா வீட்டு அட்டாலியில் (பரணில்) என்னென்ன இருந்தது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். அதில் உங்களுக்கே புரியாத சொற்கள் வந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.